அரைக் கிலோ மலேசியா

"மலேசியாவைக் காணோமே!" என்றார் திருச்செல்வம்.

காலை எட்டரை மணி. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. லிப்ட் கதவு திறந்து ஓர் அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னால் தரை முழுக்க வண்ண அரிசிக் கோலம். பத்து இதழ் விரித்த தாமரை. அதன் ஓரத்தில் முட்டி போட்டிருந்தாள் சந்திரகலா. கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்து வந்து குனிந்தவள், இன்னும் நிமிரவில்லை.

"இருக்கு பாஸ். நீங்க அது மேலதான் நிக்கிறீங்க."

திருச்செல்வம் பதறிப்போய்க் காலைத் தூக்கினார். பளபளக்கும் காலணிக்கு அடியில் மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. சந்திரகலா அவர் காலணியைத் தட்டி, நாட்டின் ஒரு நாள் கச்சா எண்ணெயில் கால்வாசியை மீட்டு, இருந்த இடத்தில் சேர்த்தாள்.

தீபாவளிக்கு ஆபீஸில் கோலம் போடுவது இந்த ஊரில் புதுசு இல்லை. ஆனால் இது சும்மா அழகுக்குப் போட்ட கோலம் இல்லை, ஆமாம். திருச்செல்வத்தின் கம்பெனிக்கு வேலையே, உலகத்தில் எந்த நாடு ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய் கச்சா எண்ணெய் எடுக்கிறது என்று ஒப்பிட்டு, அறிக்கை போட்டு விற்பதுதான். அன்று மதியம் மூன்று மணிக்கு நார்வேயிலிருந்து ஒரு பெரிய முதலீட்டுக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் மூன்று வருட ஒப்பந்தம். போன வருடம் வந்த வேறு விருந்தாளிகளுக்கு நாற்பது ஸ்லைடு போட்டுக் காட்டியதில் இருவர் தூங்கியேவிட்டார்கள். அதனால்தான் இந்த வருடம் திருச்செல்வத்துக்கு ஞானோதயம்: ஸ்லைடு வேண்டாம், கோலம் போடு. ஒரு நாட்டுக்கு ஓர் இதழ். நம்ம பண்பாடும் ஆச்சு, நம்ம கணக்கும் ஆச்சு.

"இது நல்லா வந்துச்சுன்னா, உன் லெட்டர்ல இன்னிக்கே சைன் போடுறேன் சந்திரா" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்.

அந்த லெட்டர்! நான்கு வருடமாக ஒப்பந்த ஊழியராகவே காலம் தள்ளுகிறாள் சந்திரகலா. கிள்ளானில் அவளும் கணவர் ரெங்கசாமியும் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு பேங்கில் கடன் கேட்டால், "நிரந்தர வேலைக் கடிதம் கொண்டு வாங்க, மேடம்" என்கிறார்கள். ஆபீஸில் கடிதம் அடிப்பது அவள் வேலை என்பதால், தன்னை நிரந்தரமாக்கும் கடிதத்தையும் அவளே அடித்து, அவளே எழுத்துப்பிழை திருத்தி, அவளே முதலாளி மேசை இழுப்பறையில் வைத்துப் பதினொரு மாதம் ஆகிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வீட்டை விற்பவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம். அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆகவே, இன்றைக்கு வானமே இடிந்து விழுந்தாலும் இந்தக் கோலம் நிற்கும் என்று சந்திரகலா முடிவு கட்டியிருந்தாள்.

"மலேசியாவை நாலு மடங்கு பெருசாக்கு லா" என்றார் திருச்செல்வம். "நம்ம நாட்டுக்கு வந்துட்டு, நம்ம நாட்டையே மிதிச்சிட்டுப் போனா நல்லாவா இருக்கு?"

"முடியாது" என்று ஒரு குரல் வந்தது.

பேசியது ஜீவன். கம்பெனியின் கணக்கு மூளை அவர்தான். செராஸில் தனியாக இருக்கிறார். உலகத்தில் அவர் நம்புவது இரண்டைத்தான்: ஒன்று தராசு, இன்னொன்று தன் லேப்டாப். அந்த லேப்டாப்பை அவர் இடுப்புக் குழந்தை மாதிரி எங்கே போனாலும் கையிலேயே வைத்திருப்பார்.

"ஒரு மில்லியன் பீப்பாய்க்கு ஒரு கிலோ அரிசி. அதுதானே பேச்சு? அமெரிக்கா பதிமூணு கிலோ சொச்சம். ரஷ்யாவும் சவூதியும் ஒன்பது கிலோவுக்கு மேல. மலேசியா அரைக் கிலோ. அதை ரெண்டு கிலோ ஆக்கினா, எல்லாத்தையும் நாலு மடங்கு ஆக்கணும். அமெரிக்கா மட்டுமே அம்பது கிலோவுக்கு மேல. கோலம் படிக்கட்டு வழியா நாலாவது மாடிக்கு இறங்கிப் போயிடும், பாஸ்."

அந்தச் சொச்சம் எத்தனை கிராம் என்று இங்கே சொல்வதற்கில்லை. கம்பெனியின் உயிரே அந்தச் சொச்சத்தில்தான் இருந்தது. நாடுகள் வெளியே சொல்லும் எண்ணை ஜீவன் நம்பமாட்டார். துறைமுகம் துறைமுகமாக ஆள் பிடித்து, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்து போகிறது என்பது வரைக்கும் விசாரித்துத் தானே ஓர் எண் கண்டுபிடிப்பார். அதை இன்டர்நெட்டில் ஏற்றமாட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டார். அன்று காலைகூட ஒவ்வொரு நாட்டின் எடையையும் சந்திரகலாவின் காதோடு காதாகத்தான் சொன்னார். அவள் மறந்துபோகாமல் இருக்க அரிசிப் பைகள்மேல் டேப் ஒட்டி எழுதினாள். கீழே இருக்கும் உமர் பாய் மளிகைக் கடையிலிருந்து தராசை இரவல் வாங்கி, பத்துப் பத்துக் கிராமாக நிறுத்துக் கொட்டினாள். கொட்டி முடித்ததும் ஜீவன் அந்த டேப்புகளை ஒன்றுவிடாமல் உரித்து, காகிதம் நறுக்கும் மெஷினில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"அப்போ மலேசியாவை நடுவுல வச்சிடுறேன் பாஸ்" என்றாள் சந்திரகலா. "நடு மொட்டு. அரைக் கிலோதான், ஆனா எல்லாரும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

ஜீவனும் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். எடை மாறவில்லை அல்லவா?

அந்தச் சமயம் வாளியும் துடைப்பமுமாக வந்தார் தங்கமணி அக்கா. செந்தூலிலிருந்து வந்து இந்தக் கட்டடத்தில் நான்கு மாடி சுத்தம் செய்கிறவர். கோலத்தைச் சுற்றி வந்து, நடு மொட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதுவா நம்ம நாடு? ஐயோ பாவம், இவ்ளோதானா?"

"எண்ணெய்ல அவ்ளோதான்க்கா."

"பக்கத்துல இருக்கிறவன் எல்லாம் எவ்ளோ வச்சிருக்கான் பாரு. கொஞ்சம் குடுத்தா குறைஞ்சா போயிடுவான்?" என்று அங்கலாய்த்துக்கொண்டே கழிப்பறைப் பக்கம் போனார்.

பிரச்சினை தீர்ந்தது என்று சந்திரகலா இடுப்பை நிமிர்த்தினாள். நிமிர்த்தியதுதான் தாமதம், தன் அறையிலிருந்து திருச்செல்வம் ஓடி வந்தார்.

"சந்திரா! நார்வே எங்கே?"

"நார்வே டாப் டென்ல இல்ல பாஸ்."

"வர்றவரே நார்வேக்காரர்! விருந்துக்குக் கூப்பிட்டுட்டு அவருக்கு மட்டும் இலை போடாம விடுவியா?"

நியாயமான கேள்விதான். சந்திரகலா இதழ்களைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, நார்வேக்கு இடம் செய்யப் போனாள். ஜீவன் மறுபடி குறுக்கே வந்தார்.

"நார்வேயைச் சேர்த்தா மெக்சிகோவையும் கசகஸ்தானையும் சேர்க்கணும். மூணும் ஏறக்குறைய ஒரே அளவு. அதை விட்டுட்டு இதை மட்டும் போட்டா, ஒப்பீடு தப்பு."

"கசகஸ்தான்லேருந்து யாரும் வரல லா!" என்றார் திருச்செல்வம்.

"யாரும் வரலைன்னா எண்ணெய் இல்லைன்னு ஆயிடுமா?"

"அப்போ வெனிசுலா? அங்கேதானே உலகத்திலேயே அதிகமா எண்ணெய் இருக்கு? அதையும் சேர்க்கவா?"

இதற்கு ஜீவன் வாயைத் திறக்கும் முன் சந்திரகலாவே பதில் சொல்லிவிட்டாள். நான்கு வருடமாக அறிக்கை அடித்த கை.

"அது இருப்பு, பாஸ். மூட்டையில இருக்கிற அரிசி. நாம பார்க்கிறது இன்னிக்கு உலையில போட்ட அரிசி. மூட்டை நிறைய இருந்தாலும் அவங்க உலையில கொஞ்சம்தான் வேகுது."

ஜீவன் முதல்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

ஆக மொத்தம் இன்னும் மூன்று இதழ். ஆறு கிலோ அரிசி வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு முழுக்க நடந்தாள். தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. எந்தக் கடையிலும் வண்ண அரிசி ஒரு பொட்டலம்கூட இல்லை. கடைசியில் உமர் பாய் கடையிலேயே வெள்ளை அரிசியும் சாயப்பொடியும் வாங்கி, ஆபீஸில் தேநீர் போடும் பேன்ட்ரியில் கலந்து, ஈர அரிசியைத் தட்டில் பரப்பினாள். வெளியே மழை. வெயிலுக்கு எங்கே போவது? பெண்கள் கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷினுக்கு அடியில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் புஸ்ஸென்று ஊதியதும் கசகஸ்தானில் பாதி சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஈரத்தோட நிறுக்காதே!" என்று கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தினார் ஜீவன். "தண்ணியோட எடையும் சேர்ந்தா நார்வேக்கு இல்லாத எண்ணெயெல்லாம் வந்துடும்!"

"உள்ளே வந்து நீங்களே ஊதுறீங்களா சார்?"

ஜீவனின் காலடிச் சத்தம் அவசரமாக விலகிப் போனது.

பதினொன்றரைக்குப் பதின்மூன்று இதழும் அமைந்தன. ஓர் அரிசிமணிகூட மிச்சமில்லாமல் எல்லாம் கோலத்தில் ஏறிவிட்டது. உமர் பாயின் தராசும் கீழே போய்ச் சேர்ந்தது. கைத்தொலைபேசியில் ரெங்கசாமியின் செய்தி வந்திருந்தது: "லெட்டர் வந்துச்சா?" அவள் "மூணு மணிக்கு" என்று பதில் போட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான் இனிமேல். கோலம் பெருத்ததில் கசகஸ்தானின் நுனி ஜீவனின் அறை வாசலைத் தொட்டுவிட்டது. ஜீவனோ ஒரு கையில் லேப்டாப், மறு கையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ கட்டிய நெகிழிப் பையோடு, அறிக்கையின் அட்டவணைப் பக்கத்தை அச்சடிக்கப் புறப்பட்டார். அறுபது பக்க அறிக்கை ஏற்கெனவே தயார். எண்கள் உள்ள அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் அச்சடிப்பார், ரகசியம் காக்க.

சிதறிக் கிடந்த கசகஸ்தான் அரிசியில் கால் வைத்தார். சர்ரென்று வழுக்கியது.

மனிதர் விழுந்தும் கோலத்தின் மேல் விழவில்லை. அந்த மட்டும் நல்ல மனிதர். ஆனால் கோப்பி-ஓ முழுவதும் திறந்திருந்த லேப்டாப்பின் வயிற்றுக்குள் இறங்கியது. திரை ஒருமுறை மின்னியது, அப்புறம் இருண்டது.

"போச்சு!" என்றார் ஜீவன். "எல்லாம் போச்சு!"

"கணக்குக்கு இன்னொரு காப்பி எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டார் திருச்செல்வம்.

"இன்னொரு காப்பி வச்சா திருட்டுப் போயிடும்னு..."

"பென்டிரைவ்?"

"அதுக்கும் அதே பயம்தான், பாஸ்" என்றார் ஜீவன். நார்வேக்காரர்கள் வர மூன்றரை மணி நேரம்தான் இருந்தது.

தங்கமணி அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து, கோப்பி சொட்டிய லேப்டாப்பைத் துணியால் ஏந்திக்கொண்டார். "குடுங்க சார், இதை நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மற்ற மூவரும் திருச்செல்வத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் பழி போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு மணி நேரம் சண்டை. எண்களை நினைவிலிருந்து எழுது என்றார் திருச்செல்வம். கிலோ ஞாபகம் இருக்கிறது, கிராம் ஞாபகம் இல்லை என்றார் ஜீவன். கிலோ எல்லாருக்கும் தெரியும், கிராமுக்குத்தானே நமக்குச் சோறு போடுகிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார் திருச்செல்வம். கூட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்ற பேச்சு எழுந்ததும் சந்திரகலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். கூட்டம் இல்லையென்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வீடு இல்லை.

"ரத்து எல்லாம் வேணாம் பாஸ்" என்றாள். "எண் எல்லாம் பத்திரமா வெளியே இருக்கு."

"எங்கே?"

"தரையில."

இருவரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"காலையில ஜீவன் சார் சொன்ன எண்ணைத்தானே நிறுத்துக் கொட்டினேன்? இப்ப அள்ளி நிறுப்போம். அரிசி எவ்வளவோ எண்ணெய் அவ்வளவு. இதழுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு அப்படியே இருக்கு, திரும்பக் கொட்டி நிரவிட்டா கோலமும் போகாது."

திருச்செல்வம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "சந்திரா, உன்னை நான் எப்பவோ நிரந்தரம் ஆக்கியிருக்கணும்!"

"இழுப்பறையிலதான் இருக்கு, பாஸ்" என்றாள் அவள். ஆனால் அதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வெளியே கோலம் முன்னைவிட ஒழுங்காக இருந்தது. இதழ்களின் மேல்பரப்பைத் தடவி நிரவி, சிதறியதைக் கூட்டி எடுத்திருந்தார்கள். தங்கமணி அக்காவின் கைவண்ணம் என்று சந்திரகலாவுக்குப் புரிந்தது. நன்றி சொல்லலாம் என்று தேடினாள். அக்கா அதற்குள் அடுத்த மாடிக்குப் போயிருந்தார். அவருக்கு இன்னும் மூன்று மாடி பாக்கி.

தராசுக்காகக் கீழே ஓடினாள். உமர் பாய் மதிய லுஹர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா? காலையில அரிசியை நிறுத்துக் கொட்டுறேன்னு எடுத்துட்டுப் போனீங்க."

"இப்ப கொட்டினதை அள்ளி நிறுக்கணும் பாய்."

உமர் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அள்ளிட்டு? இந்தாம்மா, இப்பவே சொல்லிட்டேன், சாயம் போட்ட அரிசியை நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

"திருப்பித் தரல பாய். எங்க சார் ரஷ்யாவோட எடையை மறந்துட்டாரு."

"அல்லாவே!" என்றார் உமர் பாய். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தராசைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

ஒன்றேகாலுக்குத் தொடங்கினார்கள். சந்திரகலா புதுத் துடைப்பத்தால் ஒரு நாட்டை ஓர் அரிசிமணிகூட விடாமல் கூட்டி அள்ளி, வாளியில் போட்டு, தராசில் வைப்பாள். ஜீவன் எண்ணைக் குறித்துக்கொள்வார். அவள் மறுபடி கொட்டி நிரவுவாள். திருச்செல்வம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கோடு அழியாமல் காவல் காத்தார். எதிர் ஆபீஸ் ஆட்கள் சாப்பாட்டைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கிக்கொண்டு லிப்டை விட்டு இறங்கியவர்கள், கோலத்தை அள்ளி எடை போடும் கம்பெனியைப் பார்த்துச் சோறு ஆறும்வரை நின்றார்கள்.

"அமெரிக்கா இன்னும் கொஞ்சம் கூட இருந்த மாதிரி ஞாபகம்" என்றார் ஜீவன் தலையைச் சொறிந்துகொண்டு.

"இன்னொரு தடவை வைக்கிறேன், பாருங்க."

இன்னொரு தடவையும் அதே எண்தான் வந்தது.

"ரஷ்யாகூட..."

"சார், ஞாபகம் தப்பும், தராசு தப்பாதுன்னு காலையில சொன்னது யாரு?"

ஜீவன் அந்த எண்ணையே எழுதினார். அவர் சொன்ன வார்த்தையை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

நடுவில் ரெங்கசாமியின் செய்தி இரண்டு தடவை வந்தது. அவள் பார்க்கவே இல்லை. கை விரல்களில் பதின்மூன்று நாடுகளின் சாயமும் ஏறி, முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தன. இரண்டு ஐம்பதுக்கு நார்வேயைக் கொட்டி நிரவினாள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு அட்டவணை அச்சாகி அறிக்கைக்குள் போனது. மூன்று மணிக்கு லிப்ட் கதவு திறந்தது.

வந்தவர் பெயர் ஹென்ரிக். லிப்ட் வாசலில் குனிந்துதான் வெளியே வர வேண்டிய உயரம். கூடவே இரண்டு உதவியாளர்கள். மூவரும் கோலத்தைப் பார்த்ததும் காலணியைக் கழற்றிவிட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஹென்ரிக் குனிந்து தன் நாட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் நடுவில் இருந்த மஞ்சள் மொட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "மலேசியா" என்று திருச்செல்வம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

கூட்ட அறையில் ஹென்ரிக் அறிக்கையைப் புரட்டினார். அட்டவணைப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். தன் டேப்லட்டை எடுத்தார். இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண் என்று ஒப்பிட்டார். அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கோப்பி எடுத்து வைத்துக்கொண்டிருந்த சந்திரகலா கடைசிக் கோப்பையை வைக்காமலேயே எட்டிப் பார்த்தாள்.

"மற்ற எல்லாக் கம்பெனி அறிக்கையும் என்னிடம் இருக்கிறது" என்றார் ஹென்ரிக் ஆங்கிலத்தில். "உங்கள் அறிக்கை மட்டும்தான் வேறு மாதிரி சொல்கிறது. பதின்மூன்று நாடுகளும் உற்பத்தியைக் குறைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பீப்பாய். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேதமே இல்லை. பேசி வைத்துக்கொண்டு செய்த மாதிரி!"

ஜீவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசைக்கு அடியில் திருச்செல்வம் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

"நார்வேகூடக் குறைத்திருக்கிறது" என்று ஹென்ரிக்கின் குரல் உயர்ந்தது. "நான் நார்வேக்காரன். எனக்கே தெரியாது! மலேசியா மட்டும்தான் குறைக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

திருச்செல்வம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மற்றவர்கள் எல்லாம் வானத்திலிருந்து சாட்டிலைட்டில் பார்க்கிறார்கள்" என்றார். "நாங்கள் தரையிலிருந்து எடுக்கிறோம். எங்கள் ஆட்கள் முட்டி தேய வேலை செய்கிறவர்கள்."

சந்திரகலா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஹென்ரிக் எழுந்து நின்று இரண்டு கையாலும் திருச்செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இரண்டு மாதமாக எனக்கு இந்தச் சந்தேகம். திரைமறைவில் ஏதோ ஓர் உடன்பாடு இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் என்று சிரித்தார்கள். இன்றைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது!"

மூன்று வருட ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். போகும்போது லிப்ட் வாசலில் நின்று தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, உரக்க ஏதோ நார்வே மொழியில் உத்தரவு கொடுத்துக்கொண்டே கீழே இறங்கினார்.

கதவு மூடியதும் திருச்செல்வம் ஒரு துள்ளு துள்ளினார். நேரே அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, பதினொரு மாதக் கடிதத்தை எடுத்து, கோலத்தின் ஓரத்தில் நின்றபடியே சர்ரென்று கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இந்தா சந்திரா. இனிமே நீ நிரந்தரம். யாராலும் அசைக்க முடியாது."

சந்திரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயம் படிந்த விரலால் கடிதத்தைத் தொடப் பயந்து, முந்தானையில் துடைத்துத் துடைத்து வாங்கினாள். படம் எடுத்து ரெங்கசாமிக்கு அனுப்பினாள். கிள்ளான் வீடு கண் முன்னால் வாசல் திறந்து நின்றது.

ஜீவன் மட்டும் இடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். "பதின்மூணு நாடும் ஒரே அளவு... எப்படி? நான் எடுத்த எண்ணா அது? எனக்கு எப்படித் தெரியாம போச்சு? லேப்டாப் மட்டும் இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல பார்த்திருப்பேனே..."

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து தங்கமணி அக்கா வந்தார். கையில் ஒரு சிவப்பு வாளி. அதற்குள்ளிருந்து ஜீவனின் லேப்டாப்பைத் தூக்கி எடுத்து மூடியைத் திறந்தார். எழுத்துகளின் இடுக்கிலிருந்து சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக அரிசி உதிர்ந்தது. திரை பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க சார், உயிரோட வந்துடுச்சு!" என்றார் தங்கமணி அக்கா, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. "நனைஞ்சதை அரிசிக்குள்ள புதைச்சு வச்சா ஈரத்தை இழுத்துடும்னு சொல்வாங்க, பேன்ட்ரியில வேற அரிசியே இல்ல, அதான் நீங்க எல்லாம் உள்ளே சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்போ ஒரே நாட்டுல எடுத்தா பள்ளம் தெரியுமேன்னு எல்லா நாட்டுலேருந்தும் ரெண்டு கையாலயும் ஆளுக்கு ஒரு அள்ளு அள்ளிக்கிட்டேன். மலேசியாவுல மட்டும் கை வைக்கல சார், பாவம், அதுக்கு இருக்கிறதே அரைக் கிலோதானே!"